கட்லா நடக்காது

போன ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு வண்டியில் கூடுவாஞ்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். படாளம் தாண்டும்போது, கொஞ்சம் விட்டிருந்த மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் தார்ப்பாய் கட்டி ஒருவர் உயிர்மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஒதுங்க அந்த இடம்தான் கிடைத்தது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கட்லா மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. "ஏரி மீனுக்கா, இப்பதான் வந்துச்சி. வெட்டித் தரட்டா?" என்றார். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே குனிந்து எது பெரிது என்று பார்க்க ஆரம்பித்திருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஏன் கட்லா வாங்குவதில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. முள்ளுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தத் தொட்டியிலிருந்து வந்ததே ஒரு வாசனை, ஏரிச் சேறும் பாசியும் கலந்தது, அது நான் வேலைக்குப் போக ஆரம்பித்த வருஷங்களின் வாசனை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. படாளத்துக்கு உள்ளே அக்கா வீட்டில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். வாரத்தில் பாதி நாள் அக்கா டப்பாவில் மீன் குழம்பு வைத்துவிடுவாள். கேன்டீனில் நான் மூடியைத் திறந்ததும், எதிரே உட்காரும் செல்வி மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அவள் திருவிடந்தைக்காரி, கடல் மீனில் வளர்ந்தவள். "இதெல்லாம் ஒரு மீனாடி? சேத்தத் துன்ற மாதிரி கீது" என்பாள். சொல்லிவிட்டு மீன் தலையை அவள்தான் எடுத்துக்கொள்வாள். ஒருநாள், எங்கள் மாமா ஏரித் தண்ணீர் வழிகிற இடத்தில் வலை கட்டியிருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கை பாதியில் நின்றது. "தண்ணி போற வயில போயி கட்டுவாங்களா இன்னா?" என்றாள். கடல்காரிக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் சிரித்தேன்.

அக்கா வீடு ஏரிக்கரைக்கு அடியில் இருந்தது. அடியில் என்றால் நிஜமாகவே அடியில்தான். பின்கதவைத் திறந்தால் கை பம்பு, துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், அதற்குப் பிறகு கரை செங்குத்தாக ஏறும். கரைமேல் நின்றால் ஒரு பக்கம் எங்கள் வீட்டு ஓடு காலுக்குக் கீழே தெரியும், இன்னொரு பக்கம் தண்ணீர். ஏரி நிறைந்தால் அந்தத் தண்ணீர் எங்கள் ஓட்டைவிட உயரத்தில் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது விறுவிறு என்று கீழே இறங்கிவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "இத்தினி வருசமா நிக்கிது, உனக்காவ வுயுந்துடப் போவுதா?" என்று சிரித்தாள். படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கும் மேலே மீன்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்ற நினைப்பு வரும். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. எதற்குத்தான் நாம் பழகாமல் இருக்கிறோம்!

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், நான் அங்கே போன மறு வருஷம்தான் ஏரி மீனை ஏலத்தில் எடுத்தார். சும்மா தூண்டில் போடுகிற காலத்திலேயே அவருக்கு மீன் பைத்தியம் உண்டு. மிதப்பு அசைகிற அசைவை வைத்தே இது கெண்டை, இது ஜிலேபி என்று சொல்வார். பாதி தடவை தப்பாக இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்படமாட்டார். ஏலம் எடுத்த பிறகு ஆளே மாறிவிட்டார். கட்லா, ரோகு குஞ்சுகளைப் பாலிதீன் பைகளில் கொண்டுவந்து ஏரியில் விட்டார். தினமும் விடிந்ததும் தவிட்டையும் புண்ணாக்கையும் பிசைந்து, சாக்கில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார். வீடு முழுக்கப் புண்ணாக்கு வாடை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாக வந்ததற்கு அதுதான் காரணம். எனக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி உட்காருகிறார்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மாமா நிலத்தில் பயிர் வைக்கவில்லை. இருந்த அத்தனையையும் ஏரியில்தான் விட்டிருந்தார். சித்திரையில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டு அள்ளவேண்டும், அதுவரை மீன் ஏரியை விட்டுப் போய்விடக்கூடாது.

போக ஒரே வழி கலங்கல். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து கால்வாயில் இறங்குவதற்காக, கரையின் ஒரு கோடியில் தாழ்வாகக் கட்டிய கல் சுவர். வழிகிற தண்ணீரோடு மீனும் வழியும். எங்கள் தெருவுக்கு அதுதான் கார்த்திகைக் கொண்டாட்டம். கொசுவலை, பழைய புடவை, சோறு வடிக்கிற கூடை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கலங்கலுக்குக் கீழே இறங்குவார்கள். கிடைத்தவருக்குக் கிடைத்த மீன். மாமாவே அப்படிப் பிடித்தவர்தான். அதே மாமா இப்போது கலங்கல் மேல் நட்டிருக்கும் கற்களில் மூங்கிலைக் கட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நைலான் வலையை இழுத்துக் கட்டினார். தண்ணீர் போகும், மீன் போகாது. ஏலம் எடுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். தெருவில் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் மட்டும் மாமாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை. ரோட்டில் தண்ணீர் ஏறி கம்பெனி பஸ் நின்றுபோனது. எனக்கோ லீவு கிடைத்த குஷி. ஏரி நிறைந்துவிட்டது என்று கரைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கலங்கல் சத்தம் கேட்கவில்லை. மற்ற வருஷங்களில் அந்த இரைச்சலில் தெருவில் பேசுவதற்கே குரலை உயர்த்தவேண்டும். இப்போது மழை ஓய்கிற நேரத்தில் எதுவுமே கேட்கவில்லை. அக்கா கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். "இன்னாடி, ரொம்பிடுச்சின்றாங்க, சத்தத்தக் காணோம்?" என்பாள். ஏரியில் பாதி ஆகாயத்தாமரை. அதன் ஊதாப் பூவை அழகு என்று நான் செல்போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். காற்றுக்கு அது மொத்தமும் ஒதுங்கி வந்து வலையில் பாய் மாதிரி அப்பிக்கொண்டது. மாமா பகல் முழுக்க வாரிப் போட்டார். வாரிய இடத்தில் மறுபடியும் வந்து அடைந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெருவில் மீன் கிடைக்க ஆரம்பித்தது. கரையடிப் பள்ளத்தில் பிள்ளைகள் துண்டை விரித்தால் மீன். மழைக்காலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. விராலும் கெளுத்தியும் ஈரத்தரையில் ஊர்ந்தே போகும், எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். வீட்டுக்கு வீடு குழம்பு கொதித்தது. அந்தத் தெரு அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏழுமலை அண்ணன் வீட்டு வாசலில் கொட்டிய குப்பையை மாமா தற்செயலாகப் பார்த்தார். அதில் ஒரு மீன் தலை. அகலமான தலை, மேலே பார்த்த வாய். கட்லாவேதான்.

"யார்ரா என் வலைய அறுத்தது?"

"இன்னா மச்சான் பேசற? வூட்டாண்ட வந்துச்சி, புடிச்சோம். மீன் மேல உன் பேரு எய்திக்கீதா?"

"கட்லா எப்டிடா வூட்டாண்ட வரும்?"

"அத நீ கட்லாவத்தான் கேக்கணும்."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மாமா கேட்டது சரியான கேள்விதான். ஆனால் அதற்கு அவருக்குத் திருட்டு என்கிற ஒரு பதில்தான் தோன்றியது. விறுவிறு என்று கலங்கலுக்குப் போய் வலை எங்கே அறுந்திருக்கிறது என்று தேடினார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. அப்படியானால் வலைக்கு மேலே கைவிட்டு எடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். முதல் வலைக்குப் பின்னால், இன்னும் நெருக்கமாகப் பின்னிய வலை ஒன்றை உயரமாகக் கட்டினார். கட்டிவிட்டு வீட்டுக்கு வராமல் அங்கேயே குடை பிடித்துக் காவல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பம்படிக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கட்லா வாலை அடித்துக்கொண்டிருந்தது. "நமக்கும் ஆச்சிக்கா கொயம்புக்கு!" என்று நான் குதித்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எவன் திருடி நம்ம வூட்டாண்ட வந்து போட்டுட்டுப் போவான்?" என்றாள் மெதுவாக. அப்புறம், "விராலு நடந்து வரும், கெளுத்தி நடந்து வரும். கட்லா நடக்காதுடி" என்றாள்.

இரண்டு பேரும் கரையைப் பார்த்தோம். முருங்கைக்குப் பின்னால், கரையின் அடியில் ஒரு பெருச்சாளி வளையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெரிதாகக் கொட்டவில்லை, பம்பில் அடித்தால் வருகிற அளவுதான். ஆனால் டீ நிறத்தில், கரை மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையின் வாயிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் கொஞ்சம் தடித்தது.

அக்கா மீனை வாளியில் போட்டாள். எரவாணத்தில் செருகியிருந்த கதிர் அரிவாளை உருவினாள். "ஏயுமலையாண்ட ஓடு. சாக்கு, மண்ணு, ஆளு, அல்லாத்தையும் இட்டாரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கரை ஏறினாள். அண்ணனிடம் சொல்லிவிட்டு நானும் அவள் பின்னால் ஓடினேன். கரைமேல் தண்ணீர் விளிம்புக்கு வந்திருந்தது. குனிந்தால் கையை நனைக்கலாம்.

மாமா குடைக்குள் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அக்கா வாளியை அவர் முன்னால் வைத்தாள். எட்டிப் பார்த்தவர், "எவங்கிட்டமே புடுங்கன இத?" என்றார்.

"நம்ம பம்பாண்ட கெடந்துச்சி."

"இன்னாமே ஒளர்ற?"

"கரைல ஓட்ட வுயுந்துடுச்சிய்யா. உன் மீனு அது வயியாதான் வருது. வலைய எடு."

மாமா எடுக்கவில்லை. ஏரியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "எடுத்தா அல்லாம் பூடும்" என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"எடுக்கலன்னா வூடு பூடும். தெருவே பூடும்."

அவர் அசையவில்லை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலங்கல் சுவர்மேல் இறங்கினாள். மாமா குடையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் பாய்ந்தார். தடுக்கத்தான் போகிறார் என்று நான் கத்திவிட்டேன். அவர் தடுக்கவில்லை. ஒரு கையால் கலங்கலில் நட்டிருந்த கல்லைக் கட்டிக்கொண்டு, மறு கையில் அக்காவின் இடுப்புச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். அவள் அறுத்தாள். இரண்டாவது வலையின் கடைசிக் கட்டு விட்டதும் ஆகாயத்தாமரை மொத்தமும் மூங்கிலோடு பெயர்ந்து போனது. அக்காவின் கால் சுவரில் இல்லை. அவளும் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். மாமாவின் கை விடவில்லை. கல்லோடு கல்லாக அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

பிறகு அந்த இரைச்சல் வந்தது. கூடவே மீன்களும். வெள்ளை வயிறு தெரிய உருண்டு உருண்டு கால்வாயில் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் வீட்டுப் பின்னால் ஏழுமலை அண்ணன் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரோடு வந்தவர்களில் பாதிப் பேர் சத்தம் கேட்டதும் மூட்டையைப் போட்டுவிட்டு, அதே சாக்கோடு மீன் பிடிக்க ஓடி வந்துவிட்டார்கள். நம் ஜனம் நம் ஜனம்தான். மாமா சொட்டச் சொட்டக் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரை நின்றது. அன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் கட்லா. ஏழுமலை அண்ணன் எங்களுக்கும் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மாமா துண்டத்தை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். நான் நன்றாகவே சாப்பிட்டேன், பசி. அப்புறம்தான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கே கட்லாவைப் பார்த்தாலும், இது எந்த வழியாக வந்தது என்று மனம் கேட்கத் தொடங்கிவிடும். மீன் விற்கிறவரிடம் இதைச் சொல்ல முடியுமா?

மாமா அதற்குப் பிறகு ஏலம் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த நாளைப் பற்றி அக்காவும் அவரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் மழை பிடித்தால் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பிக் கலங்கல் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இப்போது அங்கே ஏலமும் இல்லை, மூங்கிலும் இல்லை. கார்த்திகையில் கொசுவலையோடு இறங்க இடமும் இல்லை. தண்ணீர் போன கால்வாயை மண் கொட்டி மேடாக்கி மனை பிரித்துவிட்டார்கள். வாசலில் வளைவு, உள்ளே கலர் கலராகக் கல். கலங்கலை ஒட்டினாற்போல் ஆள் உயரத்துக்கும் மேலே காம்பவுண்டு சுவர். மனு கொடுத்தவர்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சுவர் எழுப்பிய பிறகு ஏரி பாதிக்குமேல் நிறைந்ததில்லை, அதனால் யாருக்கும் அது உறைக்கவில்லை. கரை அப்படியே இருக்கிறது. அதன் அடியில் அக்கா வீடும் அப்படியே இருக்கிறது. இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விட்டபாடில்லை.

நேற்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். ஏரி நிறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"ரொம்பிகினே கீதுடி. நானும் மாமாவும் இப்பதான் போயி பாத்துட்டு வந்தோம்."

"சத்தம் வருதாக்கா?"

"எங்கேந்து வரும்?" என்றாள். "அருவாள எடுத்துகினுதான் போனேன். எதுக்கு எடுத்துகினு போனேன்னு எனக்கே தெர்ல. அங்க அறுக்கறதுக்கு இன்னா கீது? செவுருடி."

இரண்டு பேரும் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள் என்றேன். மாமா பின்பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார், என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.