நானூற்றுப் பதினொன்று

பிற்பகல் மணி மூன்று இருபது. சமையலறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோரி வான்டைக் தன் பேனாவை எடுத்தான். அதனால் நேரத்தில் சந்தேகமில்லை.

மற்றவற்றிலும் இல்லை. நான்கு தாள்கள் இருக்கின்றன. நான்கு வீட்டுக்காரர்களின் கையெழுத்து இருக்கிறது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். கோரியும் முதல் ஒரு மணி நேரம் நம்பவில்லை.

ஊர் ரெட் ஹார்பர், அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரை. பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை. வாசலுக்கு மேல் மூன்று கிரேக்க எழுத்துகள் தொங்கும் பழைய மர வீட்டில் முப்பத்தொரு மாணவர்கள் இருந்தார்கள். எல்லோரும் ஒரே சகோதர சங்கம், அதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் கல்லூரி மாணவர் குழு. அக்டோபர் விருந்தில் ஒருவன் மாடியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். கல்லூரி சங்கத்தைக் கலைக்கவில்லை. ஒரு வாய்ப்புக் கொடுத்தது. ஊருக்கு இருநூற்று நாற்பது மணி நேரம் சேவை செய்ய வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தாள்கள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் பூட்டு. நடுப் பனியில் முப்பத்தொரு பேரும் தெருவில்.

சேவை என்றால், தனியாக வாழும் முதியவர்களின் வாசலில் பனி அள்ளுவது. இருவராகப் போக வேண்டும். தனியாகப் போனால் கணக்கில் சேராது. வீட்டுக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. தாளில் இரண்டு பெயர், இரண்டு உறுப்பினர் எண், இரண்டு கையெழுத்து.

எட்டு மணி நேரம் குறைந்தது. நான்கு வீடுகள் பாக்கி. கோரிதான் சேவைப் பொறுப்பாளன்.

தலைவன் ரஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"டில்லன் எழுந்துட்டானா?" என்றான் கோரி.

"எழுந்தான். வாளியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு மறுபடி படுத்துட்டான்."

"வேற எவனாவது?"

"இந்த வீட்ல காய்ச்சல் இல்லாதவன் ஒருத்தனக் காட்டு. முத்தம் குடுக்கறேன்."

"அப்ப தனியாப் போறேன்."

"செல்லாதுடா. காலேஜ் ஆபீஸ்லேர்ந்து டிராஸ்க் மேடம் வீடு வீடா போன் போட்டுக் கேப்பாங்க."

"கண்ணு தெரியாத கெழடுங்க மச்சான். ரெண்டு பேரு வந்தோம்னு சொன்னா ரெண்டு பேருன்னுதான் நெனப்பாங்க."

யார் பெயரை எழுதுவது? வீட்டில் இருக்கும் எவன் பெயரையும் எழுத முடியாது. மற்ற எல்லோருடைய காய்ச்சல் சீட்டும் டிராஸ்க் மேசையில் இருந்தது. பழைய உறுப்பினர்களும் சேவைக்கு வரலாம் என்று விதி இருந்தது. ஆனால் உண்மையான ஆளின் பெயரைப் போட்டால் அவருக்கும் போன் போகும்.

கோரி பதிவேட்டைக் கொண்டுவந்தான். சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொருவனின் பெயரும் வரிசை எண்ணோடு அதில் இருந்தது. நானூற்றுப் பத்துக்கும் நானூற்றுப் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு வரி வெறுமை. எண் மட்டும் இருந்தது. 1958. எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். யாரோ கவனக்குறைவாக விட்டது என்று நினைத்தார்கள்.

டிராஸ்க் பதிவேட்டையே கேட்டால்?

அந்த வரியில் எழுதினான். மார்வின் டீட்ஸ்.

ரஸ் எட்டிப் பார்த்தான். "யாருடா அது? உங்க பெரியப்பாவா?"

"வாயில வந்துச்சு."

"1958னா எண்பது வயசு தாண்டியிருக்கும். எண்பது வயசுக் கெழவன் பனி அள்ளுவானா?"

"இந்த ஊர்ல அள்ளுவான்."

இருவரும் சிரித்தார்கள். நான்கு தாள்களிலும் அந்தப் பெயரை எழுதினான். எண் 411. கையெழுத்துக் கட்டத்தை விட்டுவைத்தான். கடைசியில் வேறு மாதிரி கிறுக்கிக்கொள்ளலாம்.

முதல் வீடு, ஐலி காங்கஸ் அம்மாள். மூன்று நாற்பது. முழங்கால் அளவு பனி. காற்று இல்லை. அரைமணி நேரத்தில் வண்டிப் பாதை தெளிந்தது. அம்மாள் கதவைத் திறந்தாள். கையில் இரண்டு பாஸ்டி. இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுட்டது, காகிதத்தில் சுற்றி, ஆவியோடு.

"ஒண்ணு போதும்மா."

"ஒண்ணுதான் உனக்கு. இன்னொண்ணு அந்தத் தம்பிக்கு."

"எந்தத் தம்பி?"

"உன் வண்டிகிட்ட நிக்குதே. கூச்சம் போல. கூப்பிட்டேன், வரல."

கோரி திரும்பினான். டிரக் மட்டும் நின்றது.

அவனுக்குச் சந்தோஷம். தாளை நீட்டினான். அம்மாள் கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போட்டாள். ஒன்றை ஓட்டிக்கொண்டே தின்றான். மற்றதைப் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

இரண்டாவது வீடு, நூர்மி. நான்கு பதினைந்து. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கோரி பாதியில் மூச்சு வாங்க, பனி அள்ளும் ஷவலில் சாய்ந்து நின்றான். ஜன்னல் திறந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"என்னங்க?"

"நீ கையுறை மாட்டிக்கிட்டு சாஞ்சு நிக்கிற. அவன் வெறுங்கையில அள்ளறான். என்ன சங்கம்டா உங்களோடது?"

"எவன்... எங்க?"

நூர்மி முகவாயால் வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்.

கோரி பின்பக்கம் போனான். கொட்டகையிலிருந்து விறகு அடுக்குவரை ஒரு பாதை. தரை தெரிய அள்ளியிருந்தது. இரண்டு ஓரமும் கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தன. கோரி அந்தப் பக்கம் போகவே இல்லை.

காலடி இல்லை. பாதையில் இல்லை. அதைச் சுற்றிலும் இல்லை.

நூர்மியே அள்ளியிருப்பார். கிண்டல் செய்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு டிரக்கில் ஏறினான். நான்கு நாற்பத்து நான்கு. வண்டிக்குள் சூடு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பசித்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பாஸ்டியை எடுத்தான்.

கல்.

உள்ளேவரை உறைந்திருந்தது. காகிதத்தில் வெள்ளையாகப் பனிப் பூச்சு. அந்த இருக்கையைத் தொட்டான். கையுறை ஒட்டிக்கொண்டது.

கீழே போட்டுவிட்டு ஓட்டினான். வானொலியைச் சத்தமாக வைத்தான்.

மூன்றாவது வீடு, க்ரோல். நான்கு ஐம்பத்தொன்று. க்ரோலுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. தெருவில் வேறு வீடு இல்லை. கோரி வேகமாக அள்ளினான்.

சரக்... சரக்... சரக்...

நிறுத்தினான்.

சரக்.

ஒன்று அதிகம்.

எதிரொலி. எதிரே சுவர் இருக்கும். பார்த்தான். எதிரே ஏரி. உறைந்த ஏரி மட்டும்.

மறுபடி ஒரு தடவை அள்ளினான். நின்றான்.

சரக்.

பின்னாலிருந்து. பத்தடி தூரம்.

ஒரு தடவை அள்ளுவது போல ஷவலை ஓங்கினான். அள்ளவில்லை.

சரக்.

கிட்டே...

கோரி திரும்பிப் பார்க்கவில்லை. படியேறினான். அழைப்புமணியை அழுத்தினான். உள்ளே சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. க்ரோல் வந்தார். தாளைப் பார்த்தார். கோரியின் தோளுக்கு மேலே பார்த்தார். இரண்டு விரலைக் காட்டித் தலையசைத்தார். கையெழுத்துப் போட்டார்.

ஐந்து பதினெட்டு. இன்னும் ஒரு வீடு. கணக்கில் இரண்டு மணி நேரம் பாக்கி. இப்படியே திரும்பலாம். திரும்பினால் முப்பத்தொரு பேருக்கும் வீடில்லை. டில்லனால் நிற்கக்கூட முடியாது.

போனான்.

ஓபல் ரீஸ் அம்மாள் வீடு. ஐந்து இருபத்தேழு. இருட்டு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில், கூரையில், மரத்தில்.

வண்டிப் பாதையில் இல்லை.

சுத்தமாக அள்ளியிருந்தது. கறுப்பாக. விழும் பனி அதில் தங்கவில்லை.

வாசல் விளக்கு எரிந்தது. அம்மாள் சங்கிலி போட்ட கதவிடுக்கு வழியாகத் தாளை வாங்கினாள்.

"வா தம்பி. அவன் அப்பவே முடிச்சிட்டான். நல்ல பிள்ளை. உள்ள வரட்டுமான்னு கேட்டான்."

"நீங்க..."

"நான் தனியா இருக்கறவ. முன்னப்பின்ன தெரியாதவங்கள விடமாட்டேன்னேன். கோவிச்சுக்கல. சரிங்கன்னு சொல்லிட்டு..."

அம்மாள் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள், அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"அப்படியே நிக்கிறான்."

கோரியின் பிடரியில் குளிர் பட்டது.

காற்று அல்ல.

மூச்சு.

ஓடினான்.

ஐந்து ஐம்பத்திரண்டு. கல்லூரி அலுவலக வாசலில் விளக்கடியில் நின்று தாள்களை விரித்தான். மார்வின் டீட்ஸ் என்று கிறுக்க வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

நான்கு கட்டமும் நிரம்பியிருந்தன.

பென்சில். கோரியிடம் பென்சில் இல்லை. விரல் மடங்காதவன் எழுதியது போன்ற எழுத்து. நான்கும் ஒரே கை.

உள்ளே டிராஸ்க் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். கோரி தாள்களைக் கொடுத்தான்.

கொடுத்திருக்க வேண்டாம். அவனே பின்னால் அதைத்தான் சொன்னான். மற்றது எதற்கும் அவன் வருத்தப்படவில்லை. தாள்களைக் கொடுத்ததற்கு வருத்தப்பட்டான்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு காலை சங்கத்தின் பழைய செயலாளர் ஹார்லன் ப்ரூயிட்டுக்குப் போன் செய்தான். அவருக்கு வயது எண்பத்தாறு. அவருடைய எண் நானூற்றுப் பன்னிரண்டு.

"நானூத்திப் பதினொண்ணா? அது வேணும்னே விட்டதுப்பா."

"ஏங்க?"

"என்னோட சேர வேண்டிய பையன். மறுநாள் சாயங்காலம் எங்களுக்குச் சேர்ப்புச் சடங்கு. முந்தின நாள் பனி அள்ளப் போகச் சொன்னாங்க. ரெண்டு பேராப் போகணும். கூடப் போக வேண்டியவன் குளிருன்னு போகல. போனதா எழுதிட்டான்."

"அப்புறம்?"

"பனி உருகினப்புறம், ஏப்ரல்ல கெடைச்சான்."

ப்ரூயிட்டே தொடர்ந்தார்.

"சடங்கு எப்படின்னு உனக்கே தெரியும். வெளிய நின்னு கதவத் தட்டணும். இவன் எங்க ஆளுன்னு உள்ள ஒருத்தன் சொன்னாத்தான் திறப்பாங்க. அவன் உள்ள வரவே இல்ல. அதனால எண் மட்டும் குடுத்தோம். பேரு எழுதல."

"அவர் பேரு என்னங்க?"

"பேரு... நாக்கு நுனியில நிக்குது. வர மாட்டேங்குது." பிறகு கேட்டார்: "அந்த வரியில யாரும் எதுவும் எழுதிடலயே?"

"இல்லங்க."

திங்கட்கிழமை மாலை டிராஸ்க் சங்க வீட்டுக்கே வந்தாள். முன்னறை மேசையில், சங்கம் தொடர்வதற்கான அனுமதிப் படிவத்தை வைத்தாள். இருமலும் போர்வையுமாக முப்பது பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கோரி அவள் எதிரே உட்கார்ந்தான். போனை எல்லோரும் கேட்கும்படி வைத்து ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டாள். காங்கஸ் அம்மாள் இரண்டு பேர் என்றாள். நூர்மி இரண்டு பேர் என்றார், ஒருவன் சோம்பேறி என்றார். க்ரோல் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு.

டிராஸ்க் தலை தூக்கினாள். "கோரி, இந்த டீட்ஸ் 1958ல சேர்ந்தவர். எல்லாரும் சின்னப் பையன்னு சொல்றாங்களே?"

"அவங்களுக்குக் கண்ணு... சரியாத் தெரியாது மேடம்."

படியில் ரஸ் இருமினான். டிராஸ்க் கோரியை உற்றுப் பார்த்தாள். பேனா படிவத்தின் மேலேயே நின்றது. கடைசி எண்ணை அழுத்தினாள். மணி நான்கு ஐம்பது.

"ரீஸ் அம்மாதானே? வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்குப் பனி அள்ள எத்தனை பேர் வந்தாங்க?"

"ரெண்டு பேரு. ஒருத்தன் ஓடிட்டான். இன்னொருத்தன் தினமும் வர்றானே."

டிராஸ்க் முகம் சுளித்தாள். "தினமுமா?"

"சனிக்கிழமை வந்தான். நேத்து வந்தான். பனியே பெய்யல, அள்ள என்ன இருக்கு? சும்மா கதவத் தட்டறான். இப்பக்கூட..."

போனில் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

படிக்கட்டில் இருமல் நின்றது.

"சங்கத்து ஆளுன்னுதான் சொல்றான். பேரு டீட்ஸாம். உள்ள விடுங்கன்றான். பாவம், கையெல்லாம் நீலமா இருக்கு."

டிராஸ்க் போனைக் கோரி பக்கம் நகர்த்தினாள். "நீங்களே சொல்லுங்க," என்றாள். ஆமாம் என்றால் கையெழுத்து. இல்லை என்றால் பூட்டு. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

டொக்... டொக்...

சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. அம்மாள் அதில் கை வைத்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லு தம்பி, திறந்துடறேன். இவன் உங்க ஆளுதானே?"