சக்கரம் வைத்த சாரம்

உங்களுக்குச் சாரம் என்றால் தெரியும் அல்லவா? கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது ஆள் நிற்பதற்காக மரக்கம்பங்களைக் கயிற்றால் கட்டி எழுப்புவார்களே, அதுதான். தில்லியில் அந்தக் கம்பங்களைப் 'பல்லி' என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் எங்கே பார்த்தாலும் பல்லிதான். அப்புறம் சில இடங்களில் இரும்புக் குழாய் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஒயர்மேனாக இருந்த அரசாங்க அரங்கத்துக்கு ஒரு பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே அலுமினியக் குழாய்ச் சட்டங்கள், நான்கு சக்கரங்கள், ஓர் ஆங்கிலக் கையேடு.

ஒரு சட்டத்தை ஒற்றைக் கையால் தூக்கினேன். வந்துவிட்டது! இரும்பைத் தூக்கிப் பழகிய எனக்கு அதை நம்ப முடியவில்லை. இவ்வளவு லேசான பொருள் ஆளைத் தாங்குமா? தாங்கினாலும், லேசாக இருப்பதாலேயே கவிழ்ந்துவிடாதா? இந்த இரண்டு கேள்வியும் அன்று முழுக்க என்னை விடவில்லை.

என்னைவிட அதிகமாக அதைப் பற்றி யோசித்தவர் பெயிண்டர். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக்காரர், தினக்கூலி. அதற்கு முந்தின மழைக்காலத்தில் பல்லியின் கயிறு நழுவிக் கீழே விழுந்து, இரண்டு மாதம் காலில் கட்டுடன் படுத்திருந்தார். அரங்கத்தின் கூரைக்கு அவர்தான் வண்ணம் அடிக்கவேண்டும். எங்கள் இன்ஜினியர் பஞ்சாப்காரர். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "டர்னே வாலா நஹீ சாஹியே." பயப்படுகிற ஆள் எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். ஏறினால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள்.

நாங்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சட்டங்களை மாட்டிக் கோபுரம்போல நிறுத்தினோம். நான்கு நீளக் குழாய்கள் மிஞ்சின. உபரிச் சாமான் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டோம்.

பெயிண்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணே, இது சாரமா வண்டியா?"

"சாரந்தான். தள்ளிக்கிட்டுப் போறதுக்குச் சக்கரம்."

"சக்கரம் இருந்தா வண்டிதாண்ணே. பூசை போடாம நான் கால் வெக்கமாட்டேன்."

மறுநாள் காலையில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்ப் பூவும் விபூதியும் வாங்கிவந்தார். சட்டத்துக்கு மாலை போட்டார். புது லாரிக்குச் செய்வதுபோலவே நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, மேலே ஏற்றி நசுக்கினோம். இன்ஜினியரும் கைகூப்பினார். சக்கரத்தின் மேலிருந்த சிறு பெடலை அமுக்கினால் சக்கரம் சுற்றாது என்று எனக்குத் தெரியும். நான்கையும் நானே அமுக்கினேன்.

பெயிண்டர் ஏறினார். பல்லியில் ஏறிய பழக்கத்தில் வெளிப்பக்கமாகவே ஏறினார். ஆள் உயரம் தாண்டியிருப்பார், கோபுரம் அவர் பக்கமாக லேசாகச் சாய்ந்து, மொசைக் தரையில் ஒரு ஜாண் வழுக்கி நின்றது. அவர் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இடுப்பைப் பிடித்து இறக்கினேன்.

"நாளைக்கு வேற ஆள்," என்றார் இன்ஜினியர் ஹிந்தியில்.

"சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க சாப்," என்று கேட்டுக்கொண்டேன். அமுக்கிய சக்கரம் எப்படி நகர்ந்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

குனிந்து பார்த்தபோதே பாதி புரிந்தது. பெடல் சக்கரத்தைச் சுற்றவிடாமல்தான் வைக்கும், வழுக்குவதைத் தடுக்காது. தரையெல்லாம் எலுமிச்சைச் சாறு! மீதி கையேட்டில் இருந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏணி எதுக்குண்ணே கோபுரத்துக்குள்ளார இருக்குது?"

"வெளியில ஏறுனா நம்ம கனமே அதை நம்ம பக்கம் இழுக்குமாம்."

"அதானா சங்கதி! அப்புறம்?"

அப்புறம் எத்தனையோ இருந்தன. அடியின் அகலத்தைப்போலச் சுமார் மூன்றரை மடங்குக்கு மேல் உயரம் கூடாது. வெளியே காற்றடிக்கும் இடத்தில் இன்னும் குறைவு. அதற்கு மேல் போகவேண்டுமானால் நான்கு மூலையிலும் சாய்வுக் கால் மாட்டி அடியை அகலப்படுத்த வேண்டும். மின்கம்பி அருகே கொண்டுபோகக் கூடாது. பல்லி மரம்; இது உலோகம். ஒயர்மேனான எனக்கே அது முதலில் தோன்றவில்லை. இங்கிலாந்தில் இதற்கெல்லாம் எழுதிவைத்த தர விதிகள் உண்டு என்று கையேட்டில் இருந்தது. யாரோ எங்கேயோ விழுந்த பிறகுதான் ஒவ்வொரு விதியையும் எழுதியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

சாய்வுக் கால் என்று படத்தில் பார்த்ததும் இருவரும் நிமிர்ந்தோம். உபரி என்று ஒதுக்கிய குழாய்கள்! ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்றுதான் இருந்தன. நான்காவதை வாசலில் டீக்கடைக்காரர் தார்ப்பாய்க்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

"அது எங்க உசுரு, குடு!" என்று பெயிண்டர் தமிழிலேயே கத்திப் பிடுங்கினார். தார்ப்பாய் டீக்கடைக்காரர் தலையில் விழுந்தது.

தரையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்தோம். கால்களை மாட்டினோம். பெயிண்டர் நான்கு பக்கமும் நின்று குலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. உள் ஏணி வழியாக மெதுவாக ஏறி, மேல்பலகையில் நின்று கூரையைத் தொட்டார். பயம் போகவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நின்றார். கீழே பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் வேறு ஆள் பேச்சை விட்டுவிட்டார்.

மறுநாள் இன்னொரு சிக்கல். ஓர் இடத்தில் அடித்து முடித்ததும் கோபுரத்தை நகர்த்தவேண்டும். சக்கர ஏணியில் மேலே ஆள் இருக்கும்போதே தள்ளுவதுதான் எங்கள் எல்லாருக்கும் வழக்கம். பெயிண்டர் ஒவ்வொரு தடவையும் இறங்கினார்.

"ஜல்தி! மேலேயே இரு, தள்ளுவாங்க," என்று இன்ஜினியர் கத்தினார்.

"மாட்டேன் சாப். எறங்கித்தான் ஏறுவேன். புஸ்தகத்துல போட்டிருக்குது."

"பயந்தாங்கொள்ளிக்குப் புஸ்தகம் ஒரு சாக்கு," என்று சொல்லிவிட்டு இன்ஜினியரே விறுவிறுவென்று ஏறினார். தள்ளச் சொன்னார். தள்ளினோம். தரையில் நான் விட்டிருந்த ஒயர் மேல் ஒரு சக்கரம் முட்டியது. கீழே எங்களுக்கு அது சின்ன இடிதான். மேலே கோபுரம் ஆடிய ஆட்டத்தில் அவர் முழங்காலில் விழுந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கம்பி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். ஒயரை அங்கே விட்டது என் தப்பு. சொன்னேன்.

அவர் உள் ஏணி வழியாக இறங்கிவந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெயிண்டரைப் பார்த்தார்.

"அச்சா. நீ எறங்கின பிறகே தள்ளட்டும்."

நாங்கள் ஒயரைச் சுருட்டி, கோபுரத்தை அடுத்த இடத்துக்குத் தள்ளி, பெடல்களை அமுக்கிக் கால்களை ஊன்றினோம். பெயிண்டர் ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு பிரஷை எடுத்துக்கொண்டு ஏறினார்.