ஏலக்கூடத்தில் நின்ற வண்டி

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டியை ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் வாசலுக்கு வரவழைத்தவன் நான்தான். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பங்குப் பேரவையில் இருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் அப்படியே ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் ஏறவில்லை. பூசைக்கு வந்த ஊரே பார்க்க அந்தப் படியில் கால் வைத்தால், ‘அவளுக்கு ஏதோ இருக்கிறது’ என்று சாயங்காலத்துக்குள் பேச்சாகிவிடும்.

என் மனைவி மட்டும் வண்டியை நோக்கி நடந்தாள். மார்பில் ஏதோ தட்டுப்படுவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“நாமளே முதல்ல ஏறுனா இன்னா நெனைப்பாங்க? வேற யாராவது போவட்டும்.”

ஊர்ப் பெண்களை மைக்கில் கூவி அழைத்தவன் சொன்ன வார்த்தை அது. அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

எங்கள் தெருவில் மீன் விற்பவள் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா நைனா, பட்டுப்பொடவ கட்டிகினு வந்தவள ரோட்டுல ஏத்துனா ஏறுவாளா? வண்டிய காசிமேட்டுக்கு இட்டுனு வா. ஏலம் முடிஞ்சா ஆம்பளைங்க டீக்கடையாண்ட பூடுவானுங்க. பொம்பளைங்க நாங்கதான் இருப்போம்.”

அடுத்த வாரம் வண்டி காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் நின்றது. பெண்கள் கூடைகளை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு, கைகழுவப் போனார்கள். கூடைகளின் வரிசை மதில் வரை நீண்டிருந்தது. இறங்கி வந்த ஒருத்தி கத்தினாள்: “அமுக்குற அமுக்குல எறா தோலு உரிஞ்சிடும்டி!” கூட்டமே சிரித்தது.

மீன் கூடைகளுக்கு நடுவே எங்கள் வீட்டு ஒயர் கூடை இருந்தது. என் மனைவி என்னிடம் சொல்லாமலே வந்திருந்தாள்.

உள்ளே மார்பை அமுக்கிப் பிடிக்கும் இரண்டு தகடுகள், ஒரு படம். கண் பார்க்க முடியாததை அது பார்த்துவிடுகிறது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த நான் பார்க்க மறுத்ததையும் பார்த்தது.

படியிலேயே நின்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “சந்தேகமா ஏதோ கீதாம். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க.”

யாரும் விலகவில்லை. மீன்காரி, “நான் கூட வர்றேன்க்கா, யாவாரம் கெடக்குது” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை தூணோரம் தயங்கி நின்ற ஒரு பெண், தன் கூடையைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தாள்.

நான் என் மனைவியிடம் போய், “நானும் வரட்டுமா?” என்று கேட்டேன். அவளிடம் நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

“வாங்க,” என்றாள்.