நான் பார்க்காமல் எழுதிய பெண்

விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் உத்தியோகத்தில் சேர்ந்ததல்ல. நாவலப்பிட்டியில் நூலகப் பொறுப்பில் இருந்த காலத்தில், மதிய வேளைகளில் தோட்டத்து மக்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். நான் அதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பேன். அந்த எழுத்துக்கு ஒரு மரபு இருந்தது. கூரையில் ஓட்டை இருந்தால் கூரையே இல்லையென்று எழுத வேண்டும். ஒரு கண் மங்கினால் இரு கண்களும் போயின என்று எழுத வேண்டும். வாசிக்கும் அதிகாரி எப்படியும் பாதியைக் கழித்துவிடுவார் என்பதால், எழுதுகிறவர் இரண்டு மடங்காகக் கொடுப்பது வழக்கம். அதில் எனக்குத் திறமை இருந்தது. கர்வமும் இருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவன் தன் தங்கைக்காக வந்தான். மழைக்கு மண்மேடு சரிந்து அவர்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டின் பின்சுவர் அவள்மேல் விழுந்துவிட்டது. இருபத்தாறு வயது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இருப்பது ஒரு காம்பிரா, ஒற்றை அறை. அதில் அவனும் மனைவியும் கைக்குழந்தையும். கழிவறைக்கு முப்பது படி இறங்க வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம், அங்கே சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டான்.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இல்லம் அது. விதிவிலக்குக் கேட்க வேண்டுமானால் கடிதம் பலமாக இருக்க வேண்டும். “தன் கையால் ஒரு வாய் சோறு எடுத்து உண்ணவோ, எழுந்து உட்காரவோ, தனக்கு நன்மை எது என்று தெரிந்துகொள்ளவோ இயலாதவள்” என்று எழுதினேன். அவளை நான் பார்க்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வரும்படி அண்ணனிடம் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரே மாதத்தில் இடம் கிடைத்தது. அவன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

ஓய்வு பெற்றுக் கண்டிக்கு வந்த பிறகு, பழைய சஞ்சிகைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனேன். அன்று தானம். இறந்துபோன தாயின் நினைவாக ஒரு குடும்பம் மதியச் சாப்பாடு கொடுத்தது. முதிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்தவர்கள் ஒவ்வொருவர் காலையும் தொட்டு வணங்கிக்கொண்டு வந்தார்கள். வரிசையின் கடைசியில் சக்கரக் கதிரையில் ஓர் இளம் பெண். நரைத்த தலையுடைய ஒருவர் அவள் முன்னாலும் குனிந்தார். இழுத்துக்கொள்ள முடியாத கால்கள் அவை.

“ஐயா, எந்திரிங்க. ஒங்க மக வயசுகூட எனக்கு இருக்காது. ஆசீர்வாதம் வேணும்னா அந்தப் பக்கம் போங்க.”

அவருக்குத் தமிழ் விளங்கவில்லை, குரல் விளங்கியது. இல்லத்துப் பொறுப்பாளரான மேட்ரன் முகம் சிவந்து கதிரையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அங்கே இளம் பெண் என்றால் என் கடிதத்தில் வந்தவளாகத்தான் இருக்கும்; நானும் பின்னால் போய், நாவலப்பிட்டி நூலகத்தில் இருந்தவள் என்று ஆறுதலாகப் பேச்சைத் தொடங்கினேன்.

“லைப்ரரி மிஸ்ஸா?” என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒங்க கடதாசிய இந்தம்மா எனக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க. சோறு தின்னத் தெரியாதவன்னு எழுதினீங்களே, அப்ப எனக்கு ஊட்டிவிட்டது யாரு, நீங்களா?”

மடியில் ஒரு போர்வை கிடந்தது. கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். இல்லத்துப் போர்வைகள் அத்தனையையும் அவள்தான் தைக்கிறாள் என்று பிறகு அறிந்தேன். அவற்றில் நான் பார்த்த தையல், சீரான, நெருக்கமான தையல்.

“வெளியே போக விருப்பமா?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் கேக்குறீங்க.”

அதற்குப் பிறகு அவளுக்கு வெளியே ஓர் இடம் தேடி அலைந்தேன். என்னிடம் இருந்தவை ஓர் அளவுநாடாவும் அவளுடைய மூன்று நிபந்தனைகளும். தரை தெருவோடு சமமாக இருக்க வேண்டும். குளியலறைக் கதவுக்குள் கதிரை நுழைய வேண்டும். செய்வதற்கு வேலை இருக்க வேண்டும். பேராதனைப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் நான் கதவை அளப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் நோயாளி இருந்தால் மகளுக்கு வரன் வராது என்றார். தெல்தெனியவில் ஓர் அம்மாள் கதவையே திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து சொல்வேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “வேற எடம் பாருங்க” என்பாள்.

கலகெதரவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் தையல் கடை கிடைத்தது. கடைக்குப் பின்னால் ஓர் அறை, படியே இல்லை. நான் கால்களைப் பற்றி விளக்கத் தொடங்கியதும் அவர் இடைமறித்தார்.

“கை நல்லா ஈக்கிதானே? அதச் செல்லுங்க. மிஷின் பெடல மேசைக்கு மேல வெச்சு முழங்கையால அமத்தலாம். ஆனா நோம்பு வருது. பெருநாள் உடுப்பு குவிஞ்சி கெடக்கு. நோம்புக்கு முந்தி வந்தா வேல அந்தப் புள்ளைக்கு, இல்லாட்டி வேற ஆள எடுத்துருவேன்.”

நோன்புக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

அவளை வெளியே விட அனுமதி கேட்டபோது, மேட்ரன் அவளுடைய கோப்பைத் திறந்து என் கடிதத்தை நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தனக்கு நன்மை எது என்று தெரியாத ஒருத்தியை எந்த நம்பிக்கையில் வெளியே அனுப்புவது? நிர்வாகக் குழு கூட வேண்டும், சேர்த்தவர் கையெழுத்திட வேண்டும் என்றார். போர்வைகளை இனி யார் தைப்பது என்பது அவர் சொல்லாமல் விட்ட கேள்வி.

குழு கூடிய அன்று அண்ணனும் வந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், மரியாதைக்காக இல்லை.

“அன்னைக்கு முடியாதுன்னு எழுதினதும் நீங்க. இன்னைக்கு முடியும்னு வந்து நிக்கிறதும் நீங்க. நாளைக்கு அவ தனியா விழுந்து கெடந்தா, தங்கச்சிய தெருவுல விட்டவன்னு என்னையத்தான் காறித் துப்புவாங்க. ஒங்களுக்கு என்ன மிஸ், எழுதிட்டுப் போயிருவீங்க.”

“இங்க கெடந்தா ஒன்னய யாரும் துப்ப மாட்டாங்களா?” என்றாள் தங்கை. “மூணு வருசத்துல எத்தன தடவ வந்தே? வெரல விட்டு எண்ணு.”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

குழுவின் தலைவர் என் பக்கம் திரும்பி, நான் பொய் சொன்னது அன்றா, இன்றா என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு தந்திரம் தயாராக இருந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து புதிதாக ஒரு கடிதம் எழுதினேன்: இல்லத்தின் சிறந்த பராமரிப்பால் இவருடைய நிலை பெரிதும் தேறியுள்ளது. மேட்ரனுக்குப் பெருமை, எனக்கும் பழி இல்லை. அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“கிழிச்சுப் போடுங்க.”

“இப்படி எழுதினால் அவர்கள் விட்டுவிடுவார்கள்.”

“நான் எங்க தேறினேன்? வந்த அன்னைக்கே ஏங்கையாலதான் தின்னேன். தேறிட்டான்னு எழுதினா அன்னைக்கு நீங்க எழுதினது நெசமாயிரும். நாளைக்கு எனக்குக் காச்சல் வந்தா, மறுபடி மோசமாயிட்டான்னு தூக்கிட்டு வந்துருவாங்க. நெசத்த எழுதுங்க மிஸ். ஒங்களுக்குத் தெரியும்ல, எழுத?”

நான் எழுதினேன்: முதல் கடிதத்தை எழுதிய நாளில் இவரை நான் பார்த்திருக்கவில்லை. இவரிடம் எதையும் கேட்கவில்லை. அதில் எழுதியவை பொய். நான்கு வரிகூட வரவில்லை. பத்துப் பக்க விண்ணப்பங்களை ஒரே இருப்பில் எழுதி முடித்த கை, அந்த வரிகளுக்கு அரைமணி நேரம் எடுத்தது.

தலைவர் அதை வாசித்துவிட்டு அனுமதி முத்திரை இட்டார். இனி என் கையெழுத்தோடு எந்த விண்ணப்பம் வந்தாலும் திருப்பி அனுப்பும்படி எல்லோர் முன்னிலையிலும் மேட்ரனிடம் சொன்னார். அண்ணன் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போனான். இந்த முறை வாழைப்பழம் இல்லை.

நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அவள் கலகெதரவுக்குப் போனாள். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டுக் கொடுத்தேன். அதன் உயரம் சரியில்லை என்று அவள் கழற்றி மாற்றச் சொன்னாள்.

பெருநாள் கழிந்து நான் அங்கே போனபோது மேசைமேல் பெடல் இருந்தது. அவள் முழங்கை அதை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. கடைக்காரப் பெண்தான் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். அவள் தைத்து முடித்த சட்டைக் கையின் நூலை நறுக்கிவிட்டு, பிரதேச செயலகத்தின் உதவித்தொகைப் படிவம் ஒன்றை எடுத்தாள். என் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போனது.

“வேணாம். நானே எழுதுறேன். எந்தக் கட்டத்துல எதுன்னு மட்டும் சொல்லுங்க.”

இயலாமையின் தன்மை என்ற இடத்துக்கு வந்தோம். அங்கே ஐந்து வரிகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் ‘நடக்க முடியாது’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

“கொஞ்சம் விளக்கமாக எழுதினால்…” என்று தொடங்கினேன்.

அவள் படிவத்தை என் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“அடுத்த கட்டம் என்ன மிஸ்?”