ஓவசியர் போட்ட முந்நூறு யார்

வீதி வேலைகளை மேற்பார்க்கிற கச்சிமுகம்மது ஓவசியரைக் கல்முனையில் யாருக்கும் பிடிக்காது. வீதி வேலையால் வந்த வெறுப்பு என்று சொல்வது முழு உண்மை அல்ல. அதற்கு முன்பும் அவரை விரும்பியவர்கள் குறைவு. சிரிக்க மாட்டார். கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் கம்பு சரிந்து நிற்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். சம்மாந்துறையில் பிறந்து, றாஹிலாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளுடைய வீட்டுக்கு வாழ வந்தவர். இருபது வருடம் கழிந்தும் கடைத்தெருவில் அவர் 'சம்மாந்துறையான்'தான்.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி அடித்தது. கடைத்தெருவில் ஒரு தகரம் மிஞ்சவில்லை. விழுந்த மரங்களை வெட்டி வழி எடுப்பது அவருடைய ஆட்களின் வேலை. மூன்றாம் நாள் வழி வெளித்தபோது ஓவசியர் தெரு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். கடைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முழமாக முன்னுக்கு இழுத்துக் கட்டியிருந்த தகரக் கூரைப் பத்திகள் எல்லாம் காற்றோடு போயிருந்தன. பழைய எல்லைக் கற்கள் சேற்றுக்குள் தலை காட்டின. அளவு நாடாவை எடுத்து அளந்தார். ஐம்பத்திரண்டு அடி. போன கிழமைவரை அதில் பாதி இடத்துக்குள் பஸ்ஸும், நெல் ஏற்றிய டிரக்டரும், ஹயரிங் காரும், சைக்கிளும், நடக்கிற சனமும் இடிபட்டுக்கொண்டிருந்தன. பெண்கள் அந்தத் தெருவால் நடப்பதே இல்லை. ஆஸ்பத்திரிக்கென்றாலும் பின்பக்கத்து மணல் ஒழுங்கைகளால் சுற்றித்தான் போவார்கள்.

அடுத்த மாதமே ஓவசியர் ஒரு படம் வரைந்தார். இரு பக்கமும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானை மூடிக் கொங்கிறீட் பலகை போட்டு நடக்கிறவர்களுக்கு ஆறடி. அதை ஒட்டிச் சைக்கிளுக்கு ஐந்தடி. அதற்கு அப்பால் இடுப்பளவு கல் நட்டு, நடுவில் முப்பது அடி வாகனத்துக்கு. லொறிகள் காலை எட்டு மணிக்கு முன் சாமான் இறக்கிவிட வேண்டும். ஒரு வருடம் அலைந்ததில் முதலில் முந்நூறு யார் நீளத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

அதற்குள் கடைகளில் புதுத் தகரம் ஏறிவிட்டது. எல்லாரையும் விட அதிகமாக, ஒன்பது அடி முன்னுக்கு இழுத்திருந்தவர் புடவைக்கடை மீராமுகைதீன், றாஹிலா 'காக்கா' என்று கூப்பிடுகிற மூத்த சகோதரர். பத்தியை இறக்கச் சொல்லும் முதல் நோட்டீஸை ஓவசியர் அவருடைய கடையில்தான் ஒட்டினார்.

அன்று பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு மீராமுகைதீன் ஓவசியரின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தெருவில முப்பது கடை இரிக்கி மச்சான். அலவாங்கால முதல் இடி என்ட கடைக்கா?"

"ஓம். உங்கட கடைய விட்டுட்டு மத்தவன்ட கடையில கை வெச்சா, மச்சான்ட கடைக்குக் கண்ண மூடிட்டான் எண்டுவாங்க."

"சனம் என்ன சொல்லும் எண்டுதான் உங்களுக்குக் கவல. என்ட யாவாரத்தப் பத்தி இல்ல."

"அந்த ஒன்பது அடி உங்கட இல்ல. ரோட்டுட."

மீராமுகைதீன் குசினி வாசலில் நின்ற தங்கையின் பக்கம் திரும்பினார். "றாஹிலா, இந்த வீட்ட வாப்பா உனக்குத்தான் கட்டித் தந்த. இந்த மனிசன சம்மாந்துறைக்கு அனுப்பி வை. ஒரு கிழமையில புத்தி வரும்."

றாஹிலாவுக்கும் கணவர்மேல் கோபம்தான். நோட்டீஸ் விஷயத்தை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று காலையிலிருந்து முகம் கொடுக்காமல் இருந்தாள். ஆனாலும் சொன்னாள்:

"வீடு என்ட பேர்ல இரிக்கி காக்கா. இதில ஆரு இரிக்கிற, ஆரு போற எண்டு நான்தான் சொல்லணும்."

மீராமுகைதீன் படியிறங்கிப் போனார். றாஹிலா கணவரிடம், "உங்களுக்காகக் கதைச்ச எண்டு நினைக்க வேணாம். என்ட வீட்டுக்குள்ள வந்து காக்கா சட்டம் போடேலாது, அவ்வளவுதான்" என்றாள். பிறகு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

பத்திகள் இறங்கின. பலகை போட்டு, கற்களும் நட்டாயிற்று. ஓவசியர் கடைத்தெருவில் தனி ஆளானார். ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுக்க அவர் நீட்டிய கையை மூன்று பேர் பிடிக்காமல் போனார்கள். தேத்தண்ணிக் கடையில் அவருக்கு மட்டும் கடைசியில் வந்தது. பிறகு வராமலே விட்டது. நட்ட கற்களை யாரோ இரண்டு தடவை பிடுங்கிக் கானுக்குள் போட்டார்கள். கார்க்காரர்கள் நிறுத்த இடமில்லை என்று ஏசினார்கள். நடக்கிற சனமும் பாதையில் ஏறவில்லை. பழையபடி தெரு நடுவில் நடந்தது. யாருக்காக இதைச் செய்கிறோம் என்று அவருக்கே விளங்காமல் போன நாட்கள் இருந்தன. ஆனால் கற்களை மூன்றாம் தடவையும் நட்டார்.

அப்போதுதான் செல்லத்தம்பியின் கை முறிந்தது. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் மரக்கறி கொண்டுவந்து விற்கிறவர். வளைவில் ஒரு கல்லில் கூடை கொழுவி விழுந்துவிட்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு, மற்றக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓவசியரின் வாசல் படலையில் வந்து நின்றார்.

"உங்கட ரோட்டால நான் ஒரு மாசம் சைக்கிள் ஓடேலாது ஓவசியர். பாருங்க."

ஓவசியர் கையைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கூடை கைபிடியை விட அகலம். நாடாவை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு வளைவுக்குப் போய் அளந்தார்.

"கல் எட்டு அங்குலம் உள்ளுக்கு வந்திரிக்கி. பிழை என்டதான்."

அடுத்த நாள் காலை, கடைகள் திறந்து சனம் பார்த்திருக்க, ஓவசியரே கல்லைக் கிளப்பித் தள்ளி நட்டார். கடை வாசல்களிலிருந்து கைதட்டினார்கள். "மிச்சக் கல்லையும் கிளப்புங்க ஓவசியர்" என்று மீராமுகைதீனின் குரல் கேட்டது. அவர் நிமிரவில்லை. காது மடல் சிவந்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

எண்பத்தொன்றில் கற்களை எடுக்கச் சொல்லி மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது. நூற்று நாற்பது கையெழுத்து. விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கடைக்காரர்கள் செல்லத்தம்பியைத் தங்கள் சாட்சியாகக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கை நேராகப் பொருந்தவில்லை; அதைக் காட்டினாலே போதும் என்று நம்பினார்கள்.

"இந்தக் கை அந்தக் கல்லாலதான் முறிஞ்சதா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம் ஐயா."

"அப்ப கல்ல எடுக்கணும் எண்டு சொல்றீங்களா?"

செல்லத்தம்பி கடைக்காரர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கல்லெல்லாம் வைக்க முந்தி, இதே ரோட்டில என்ட தம்பிட காலுக்கு மேலால டிரக்டர் பெட்டி ஏறினது. ஒதுங்க இடமில்ல. அவன் இப்ப கம்பு பிடிச்சித்தான் நடக்கிறான். அதுக்கு ஆரும் பெட்டிசம் போடல்ல."

திரும்பும்போது அவரைக் காரில் ஏற்றவில்லை. வெளியே ஓவசியர் அவருடைய கையைப் பிடிக்கப் போனார். செல்லத்தம்பி பின்வாங்கினார். "உங்கள நல்லவர் எண்டு நான் சொல்லல்ல. என்ட கைக்கு நீங்கதான் பொறுப்பு. கல்லைப் புடுங்க மட்டும் விடாதீங்க." சொல்லிவிட்டுப் பாண்டிருப்புப் பக்கம் நடந்தார்.

கற்கள் தப்பின. ஓவசியர் தப்பவில்லை. இரண்டு மாதத்தில் தூரத்துப் பொத்துவிலுக்கு இடமாற்றம் வந்தது. மிச்ச வீதிக்கான படம் எந்த அலுமாரிக்குள் போனதென்று யாருக்கும் தெரியாது. ஐந்து வருடம் கிழமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து போனார். மகள் சுல்பிகாவின் கலியாண உடுப்பைக்கூட கல்முனையில் வாங்கவில்லை, அக்கரைப்பற்றில் எடுத்தார். கலியாணத்துக்குத் தாய்மாமன் மீராமுகைதீன் வந்தார், மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தார், சாப்பிடாமல் போனார்.

எண்பத்தாறில் ஓவசியர் பென்சனில் வந்தபோது அந்த முந்நூறு யாரில் சனம் பாதையில் நடக்கப் பழகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பேராக அதில் போனார்கள். றாஹிலாவும் போனாள். யார் போட்ட பாதை என்று யாரும் கதைக்கவில்லை.

மீராமுகைதீன் மட்டும் அதில் கால் வைக்கவில்லை. முழங்கால் வாதம் வந்த பிறகும், கடையிலிருந்து இறங்கி, பலகையைக் கடந்து, வாகனம் போகிற நடு வீதியால்தான் பள்ளிவாசலுக்குப் போவார். பஸ்காரர்கள் ஹோன் அடிப்பார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம் எதிரே வந்த ஓவசியர், நெல் லொறி ஒன்று நெருங்கிவிட்டதைக் கண்டு ஓடிப்போய் மச்சானின் முழங்கையைப் பிடித்துப் பாதைக்கு இழுத்தார். லொறி கடந்து போனது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. நோட்டீஸ் ஒட்டிய நாளுக்குப் பிறகு முதல் தடவை இவ்வளவு கிட்ட முகத்துக்கு முகம் நின்றார்கள்.

"கைய விடுங்க" என்றார் மீராமுகைதீன்.

ஓவசியர் விட்டார். மீராமுகைதீன் சாரத்தைச் சரிசெய்துகொண்டு பலகையிலிருந்து மெல்ல இறங்கி, மறுபடி நடு வீதியால் நடந்து போனார்.