பம்பில் சுற்றிக்கொண்ட பூணூல்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். வலியதுறைக் கடலில் ஒரு பாய்மரக் கப்பல் நிற்கிறது, அதில் கக்கூஸ் பழுது, நீர்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று மேலதிகாரி சொன்னபோது இரண்டு காதும் சூடாகிவிட்டன. சரி சார் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்?

திருவனந்தபுரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. நான் மராமத்து இலாகாவில் குழாய் ஓவர்சியர். விருந்தினர் மாளிகை ஒன்றில் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ்கள் இரண்டை நின்று பொருத்தி வைத்த பாவத்துக்கு, அந்த ஜாதிச் சாமான் எங்கே கெட்டுப்போனாலும் என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் எனக்கு அதற்கேற்ற பட்டப்பெயர் ஒன்று இருந்தது. என் காதுபட யாரும் சொல்லமாட்டார்கள். நான் குளத்தில் இறங்கினால் இரண்டு பேர் அவசரமாகக் கரையேறுவார்கள், அவ்வளவுதான். வீட்டில் மனைவியிடம் குடிதண்ணீர் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாதா என்ன? கேட்டால் நான் கத்துவேன் என்று கேட்காமல் இருந்தாள்.

கடற்பாலத்திலிருந்து ஒரு மீன்காரர் தம் வள்ளத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கப்பல் என்று சொன்னார்களே தவிர, அது இரண்டு பாய்மரம் வைத்த பெரிய படகு. ஒரு துரையும் அவர் மனைவியுமாகக் கொழும்பிலிருந்து பம்பாய்க்கு அதை ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். வேலையாள் கிடையாது. துரை என்னைக் கீழே அழைத்துப்போய்ச் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கு மூன்று நாளாகக் கடுமையான வயிற்றுக்கடுப்பு. கக்கூஸ் வேலை செய்யவில்லை, வாளியை வைத்துக்கொண்டு சமாளிக்கிறாள், இனி முடியாது. தாம் ஊருக்குள் போய் மருந்து வாங்கி வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். சொல்லிவிட்டு, தம்முடைய சின்னத் தோணியைத் தாமே வலித்துக்கொண்டு கரைக்குப் போனார். மீன்காரர் எனக்காக வள்ளத்தைப் படகோடு அணைத்துக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்.

அந்த அம்மாளுக்கு முப்பது வயதிருக்கும். படுக்கையில் சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்து எனக்குக் காலை வணக்கம் சொன்னாள். முகத்தில் ரத்தமே இல்லை.

கக்கூஸ் அறை எங்கள் வீட்டு நெல் பத்தாயத்தைவிடச் சின்னது. கதவு உள்பக்கமாகத் திறக்கும். பீங்கானுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு. பிடியை மேலும் கீழும் அடித்தால் ஒரு குழாய் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும், இன்னொன்றின் வழியாக எல்லாம் கடலுக்கே போகும். பம்பில் வேலை செய்ய வேண்டுமானால் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகு படும்படி மண்டியிட வேண்டும். வெளிச்சத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்ட ஜன்னல். கோட்டையும் சட்டையையும் கழற்றி வெளியே மாட்டிவிட்டு உள்ளே காலை வைத்தேன். என் கை தானாகப் போய்ப் பூணூலை எடுத்து வலது காதில் சுற்றியது. கக்கூஸ் போனால் காதில் சுற்றிக்கொள்வது எட்டு வயதிலிருந்து வந்த பழக்கம். போவதற்கும் பழுது பார்ப்பதற்கும் கைக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

வேலை என்னவோ சுலபம். இரண்டு குழாய்களையும் அடைத்துவிட்டுப் பம்பைப் பிரித்தேன். உள்ளே இருந்த தோல் வாஷர் கிழிந்து போயிருந்தது. அந்த அம்மாள் உபயோகித்த வாளி கழுவி அங்கேயே கவிழ்த்திருந்தது. அதை நிமிர்த்திப் பழைய சாமான்களை அதில் போட்டேன். நான் கொண்டுபோயிருந்த தோல் சரியாகப் பொருந்திற்று. பாக்கி இருந்தது ஒன்றுதான். பம்பின் கம்பி உள்ளே இறங்குகிற வாயில் தண்ணீர் கசியாமல் இருக்க, கொழுப்பில் ஊறிய நூலைக் கம்பியில் சுற்றி, அதன்மேல் நட்டை இறக்கி இறுக்க வேண்டும். குழாய்க்காரர்கள் தினமும் செய்கிற காரியம். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தேன்.

வியர்வையில் நனைந்த பூணூல் எப்போது காதிலிருந்து நழுவியது, எப்போது என் விரலில் இருந்த நூலோடு சேர்ந்தது, தெரியாது. கம்பியில் நாலு சுற்று நன்றாக அழுத்திச் சுற்றி, நட்டை இறக்கி, ஸ்பானர் போட்டு இறுக்கினேன். வேலை முடிந்த திருப்தியில் நிமிர்ந்தேன். கழுத்தைப் பிடித்து இழுத்தது. யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று பதறித் திரும்பியதில் கையிலிருந்த ஸ்பானர் தரைப்பலகை இடுக்கில் விழுந்து, படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் தொபுக்கென்று முழுகியது.

விரலால் நட்டைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. நான் அரைகுறையாக வேலை செய்கிறவன் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அன்று ஒரு நாள் அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா? பம்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழ நூல் பாக்கி இருந்தது. எழுந்து நிற்க முடியாது. நான் நகராமல் கதவு திறக்காது.

கதவை மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. வேலை முடிந்ததா என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டாள்.

"ஒன் மினிட், மேடம்" என்றேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூணூலைத் தலைவழியாக உருவிவிட்டால் நான் அந்த நொடியே வெளியே வந்திருக்கலாம். தூக்குக் கயிறா அது? ஆனால் உபநயனமான நாளிலிருந்து என் உடம்பு பூணூல் இல்லாமல் ஒரு நிமிஷம் இருந்ததில்லை. அது இல்லாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். மாற்றுப் பூணூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யார் வேலைக்குப் போகிறார்கள்? சாஸ்திரத்துக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதி. மீதி, தெருவுக்குப் பயந்தேன். கக்கூஸ் வேலைக்குப் போனவன் நடுக்கடலில் வெள்ளைக்காரியின் கக்கூஸிலே பூணூலையும் விட்டுவிட்டு வந்தான் என்ற பேச்சு எனக்கு முன்னால் ஸ்ரீவராகம் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் குளத்தில் இரண்டு பேரா கரையேறுவார்கள்?

மறுபடியும் தட்டினாள். இந்தத் தடவை வேகமாக. தயவுசெய்து வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் அந்த வாளியையாவது கொடுங்கள் என்றாள். வாளி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைக் கொடுக்கக் கதவு திறக்க வேண்டுமே. என் நூல் பம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என்ன நூல் என்று சொல்லத் தெரியவில்லை. சற்று நேரத்தில் கதவின் அடியில் ஏதோ உரசியது. சின்னத் தையல் கத்தரிக்கோல் ஒன்றை உள்ளே தள்ளியிருந்தாள்.

அதைக் கையில் எடுத்தேன். கைப்பிடியில் அவள் கைச்சூடு இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

அப்போது வட்ட ஜன்னலில் மீன்காரரின் முகம் தெரிந்தது. வள்ளத்தில் எழுந்து நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். என் கோலத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சாமி, மதாம்மா அவிடெ நின்னு அழுது கரையுது. மேலே போகவும் வழியில்லை. சுத்தி எட்டுப் பத்து வள்ளம், எல்லாரும் வாயைப் பொளந்து நோக்குறானுக."

"ஸ்பானர் கீழே விழுந்துட்டுது. அதை எடுத்தாத்தான் ஆச்சு."

"ஸ்பானர் எந்தினு? அதைத் தலைவழி ஊரி எடுத்தா போரே?"

"முடியாது."

"எந்தே முடியாது?"

"உமக்குப் புரியாது."

"எனக்குப் புரியண்டா சாமி. அந்த ஸ்த்ரீக்கு வயித்துல சுகமில்லை. அது புரியுது எனக்கு."

காது சூடாயிற்று. உம் வேலையைப் பாரும் என்று சொன்னேன். அவர் தலையை இழுத்துக்கொண்டார். திரும்பி வந்து, நரம்புக் கயிற்றில் கட்டிய ஒரு தூண்டில் முள்ளை ஜன்னல் வழியாக நீட்டினார். ஸ்பானரின் பிடியில் ஓட்டை உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன்.

பீங்கானில் ஒரு கையை ஊன்றி, பலகை இடுக்கில் முள்ளை இறக்கி, இருட்டில் இரும்பை மீன் பிடித்தேன். தட்டும், மாட்டும், தூக்கினால் விழும். கதவைத் தட்டுகிற சத்தம் இப்போது நகத்தால் சுரண்டுகிற சத்தமாக மாறியிருந்தது. "ப்ளீஸ்" என்றாள். பிறகு அதுவும் இல்லை, வெறும் மூச்சுத்தான். நான் ஒன் மினிட் என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ. முதுகில் கதவு வழியாக அவள் சாய்ந்து நிற்பது தெரிந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் அங்குலப் பலகை. திடீரென்று அந்தப் பாரம் கதவோடு உரசிக்கொண்டே கீழே இறங்கிற்று. உட்கார்ந்துவிட்டாள். என்ன நடந்தது என்பது எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் அழுத அழுகை வலியால் அழுததல்ல. ஒரு பெரிய மனுஷி அப்படி அழுது நான் அதற்குமுன் கேட்டதில்லை.

 அப்போதும் நான் முள்ளை விடவில்லை. அதற்கப்புறம் ஸ்பானர் எவ்வளவு நேரத்தில் மாட்டியது என்று நினைவில்லை. நட்டைத் தளர்த்தி, சுற்றைப் பிரித்தேன். பூணூல் கருத்து, நசுங்கி, கொழுப்பு அப்பி வெளியே வந்தது. அறுபடவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றிற்று, மறைப்பானேன்.

உடனே கதவைத் திறந்தேனா? இல்லை. புது நூலை எடுத்து நிதானமாகச் சுற்றி, நட்டை இறுக்கி, குழாய்களைத் திறந்து, பிடியை இருபது தடவை அடித்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். கசியவில்லை. வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தமும் துடைக்கும் சத்தமும் கேட்டன. அவை அடங்குகிற வரைக்கும் பிடியை அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

வெளியே வந்தபோது வாசற்பலகை ஈரமாக இருந்தது. அவள் படுக்கையில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தேன். கக்கூஸ் சரியாகிவிட்டது என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"தாங்க் யூ. உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துவிட்டேன்."

 சட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினேன். மீன்காரர் வள்ளத்தைக் கரைக்கு வலித்தார். இறங்கும்போது தூண்டில் முள்ளை நீட்டினேன். வாங்கிக் கடல்நீரில் இரண்டு தரம் அலசி மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கமாகப் போய்க் கிணற்றடியில் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். மனைவி துண்டோடு வந்தவள் என் மார்பைப் பார்த்தாள்.

"ஏன்னா, இதென்ன, பூணூல் இப்படிக் கரியாட்டம் இருக்கு?"

"வேலையிலே அழுக்காயிடுத்து. மாத்தணும்."

"மாத்திக்கோங்கோ. பெட்டியிலே ஒரு கட்டு கிடக்கு."

கொண்டுவந்து கொடுத்தாள். புதியதைப் போட்டுக்கொண்டேன். அழுக்கானதை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பழசைக் கழற்றுவதற்கு ஒரு மந்திரம் உண்டு. சொன்னேன், கழற்றினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த நொடிக்காகப் படகில் அந்த அம்மாள் கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றிருந்தாள்.