இரண்டு வளையத் தண்ணீர்

என் அம்மா அடுத்தவர் வீட்டில் ஒரு தேத்தண்ணிகூட வாய்விட்டுக் கேட்டவரில்லை. அப்படிப்பட்டவர், அன்றுதான் முதன்முதலாகக் கண்ட ஒரு குடும்பத்தின் தண்ணீர் முழுவதையும் ஒரே பின்னேரத்தில் ஊற்றித் தீர்த்தார். அதற்கு முழுக் காரணம் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேணுக்கு வந்து கிளேட்டனில் குடியிருந்தோம். அப்பாவோடு பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்த ஒருவரின் தாய் தகப்பன், விக்டோரியாவின் மேற்குக் கோடியில் கோதுமை விதைப்பவர்கள். அவர்களுடைய முன்னோர் மாட்டு வண்டிலில் மேற்கே போய் அங்கே இறங்கி நூறு வருடமாகிறதாம். வம்சத்திலுள்ள அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் கூடுகிறார்கள், நீங்களும் சனிக்கிழமையே வந்துவிடுங்கள் என்று அழைப்பு. அப்பா வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்த வீட்டுப் பிள்ளை. தோட்டம் என்று கேட்டால் அவருக்குக் கால் தரிக்காது.

விடியப் புறப்பட்டு மேற்கே போனோம், போனோம், போய்க்கொண்டே இருந்தோம். மலை முடிந்தது, மரம் முடிந்தது, கடைசியில் ஊர்களும் முடிந்துபோயின. எஞ்சியது ஒரு வேலியும் வானமும்தான். "வானம் எங்கை முடியுது?" என்று தம்பி கேட்டான்.

பண்ணைக்கார அங்கிள் வாசலிலேயே அப்பாவைப் பிடித்து வயலுக்குக் கூட்டிப்போய்விட்டார். அவருடைய மனைவி, ஆண்களின் தொப்பி போட்டிருந்த அன்ரி, எங்கள் மூவரையும் முதலில் கொட்டிலுக்குள் அழைத்துப் போனார். அங்கே அந்த வண்டில் நின்றது. சில்லு என்னைவிட உயரம். மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கிடந்ததுபோலச் சுட்டது. இந்த ஒரு வண்டிலில் ஏறித்தான் ஒரு வம்சமே வந்ததா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிறகு வயலுக்கு நடுவே நான்கைந்து யூகலிப்டஸ் மரங்களின் கீழே கொண்டுபோனார். ஒரு பெரிய கல்லறைக் கல், மூன்று சின்னக் கல். வண்டிலில் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது, நான்தான் மொழிபெயர்ப்பாளர். வந்த முதல் கோடையில் குட்டை வற்றியதாம். சேற்றுத் தண்ணீரைக் குடித்த மூன்று பிள்ளைகளும் காய்ச்சலில் பதினைந்து நாளைக்குள் போய்விட்டன. கடைசி, பதினொரு மாதக் குழந்தை. திரும்பிப் போவோம் என்று புருஷன் சொன்னதற்கு, பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அந்தத் தாய் நின்றுவிட்டாராம். அதனால்தான், பிறகு பிறந்த பிள்ளைகளின் வழியில் எல்லாரும் இன்றைக்கும் இங்கே. அவர்களுக்கு முன்பு அந்தக் குட்டையில் யார் தண்ணீர் குடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்ரியும் சொல்லவில்லை.

அன்ரி இன்னும் சொல்லிக்கொண்டே போனார். பிறகு அந்தப் பிள்ளைகளின் தகப்பன் எண்பது அடிக் கிணறு வெட்டினார், வந்தது கடல்போல உப்புத் தண்ணீர் என்றார். எனக்குக் கால் சுட்டது. "கிணறும் வெட்டினவையாம், எண்பது அடி," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

வீட்டு வாசலில் அம்மா எங்கள் இருவரையும் மறித்தார்.

"எங்கை போறியள்? சுடலைக்குப் போட்டு வந்து குளிக்காமல் உள்ளுக்கை கால் வைக்கிறதோ?"

அன்ரி சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். வீட்டோரம் ஆளுயரத்துக்கு, வளையம் வளையமாக நெளிந்த ஒரு தகரத் தண்ணீர்த் தாங்கி, அதன் அடியில் குழாய், பக்கத்தில் வாளி. அம்மாவுக்கு அது எண்பது அடிக் கிணற்றுத் தண்ணீர் அல்லவா! தம்பிக்கு ஒன்பது வாளி, எனக்குப் பன்னிரண்டு. போட்டிருந்த உடுப்பையெல்லாம் தோய்த்து மூன்று தரம் அலசினார். பிறகு குறுக்குக்கட்டோடு தானும் தலையில் ஊற்றினார். ஊற்ற ஊற்ற நிலம் குடித்தது. ஒரு சொட்டுக்கூடத் தேங்கவில்லை.

அன்ரி குசினி வாசலில் வந்து நின்றார். முகம் ஒருமாதிரி இருந்தது. "ஏன் குளிக்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார். "அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்ததால்," என்றேன். அவர் உள்ளே போய்த் துவாய்கள் எடுத்து வந்தார்.

அப்பாவும் அங்கிளும் வந்தபோது குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கிள் ஈர நிலத்தைப் பார்த்தார். பிறகு தாங்கியின் வளையங்களை மேலிருந்து ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வந்தார். அடிவரை ஒரே சத்தம். வெறும் தகரச் சத்தம்.

"என்னப்பா செய்தனீர்? அது மழைத்தண்ணி!" என்று அப்பா கத்தினார்.

"கிணறு இருக்கெண்டு பிள்ளை சொன்னாளே!"

இரண்டு வளைய உயரத்துக்கு இருந்ததாம். மழையில்லாத காலத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கென்று, அவர்கள் இருவரும் மூன்று கிழமையாக ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு காத்த தண்ணீர். அம்மா ஈரத்தலையோடு நிலத்தில் குந்திவிட்டார். "ஐயோ கடவுளே, நாளைக்கு வாற சனத்துக்கு என்ன குடுப்பினம்?" என்று அழுதார். உப்புக் கிணறு என்று சொல்லாமல் விட்ட நான் தம்பிக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கிள் லொறியில் பீப்பாய்களை ஏற்றினார். அப்பாவும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். டவுனுக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவர இருட்டிவிட்டது.

அன்ரி வந்து அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"ஏன் மறிக்கேல்லை எண்டு கேள் பிள்ளை," என்றார் அம்மா.

கேட்டேன். அன்ரியின் பதிலை இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். "நூறு வருஷமா அந்தப் பிள்ளையளுக்கு எண்டு இந்த வீட்டிலை ஒருதரும் ஒரு வாளி தண்ணி ஊத்தினதில்லையாம். எப்பிடி மறிக்கிறதாம்?"

அம்மா அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அடிவானத்தில் தூசி எழும்பியது. கார், பின்னால் இன்னொரு கார், பின்னால் இன்னும். நூறு பேருக்கு மேல். கிழவர்கள், கைக்குழந்தைகள், எல்லாருக்கும் ஒரே விடைத்த காது! அத்தனை காதும் அந்த ஒரு வண்டிலில் வந்தவை என்று நினைக்க எனக்கு மயிர் கூச்செறிந்தது. தாங்கி ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது என்று கேட்டவர்களுக்கு, குழாய் பழுது என்றார் அங்கிள். அம்மா அன்று முழுவதும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை.

புறப்படும் நேரம் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த மரங்களுக்குக் கீழே போனார். ஆகச் சின்னக் கல்லைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லைக் கையால் பிடுங்கினார். கல்லை முந்தானையால் துடைத்தார். பிறகு நேரே வந்து காரில் ஏறி, தம்பியை மடியில் இருத்தி, அவன் தலைமயிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

குளிக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்தினால் எங்கள் வீட்டுப் பின்கோடியில் நிறுத்தி ஊற்றுவாரே என்ற பயத்தில் மெல்பேண் வரும்வரை நான் மூச்சுக் காட்டவில்லை. கிளேட்டனில் திறந்தால் கொட்டுகிற குழாய். அங்கேயும் அம்மா குளிக்கச் சொல்லவில்லை. எங்கள் கால் தூசியைக்கூடத் தட்டாமல் வாசலைத் திறந்து உள்ளே விட்டார். நல்லவேளை, தப்பினேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.